காணியுரிமை பற்றி மருமகனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருமகனுக்கு,

தமிழ்ச் சங்க மண்டபத்தில் நீர் ஆற்றிய உரையை முழுவதும் கேட்டேன். மண்ணை எந்த மனிதனும் படைக்கவில்லை, ஆகவே அதை எவரும் தம் சொத்தென்று சொல்லும் நியாயம் இல்லை, எல்லாக் காணியும் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பது உமது வாதம். முதற்கூற்றைப் பெரும்பாலும் ஏற்கிறேன். இரண்டாவதில் பாதி உடன்பாடு. மூன்றாவதுதான் எனக்கு விளங்கவில்லை. மண்ணை மனிதன் படைக்கவில்லை என்றால் அரசும் அதைப் படைக்கவில்லை. நொத்தாரிசாக இருந்த காலமெல்லாம் பழைய உறுதிகளை, அதாவது காணியின் உரிமைப் பத்திரங்களை, வாசித்தவன் என்ற முறையில், இந்த மூன்றாவது கூற்றை எதிர்த்தே எழுதுகிறேன்.

அரசுடைமை இந்த நாட்டில் இனிமேல் வரவேண்டிய ஒன்றல்ல. இலங்கையின் நிலப்பரப்பில் எண்பது வீதத்துக்கு மேல் இப்போதே அரச காணிதான். அது எப்படி வந்தது என்பதைப் பாரும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும்வரை பிரித்தானிய முடிக்குரியவை என்று அனுமானித்தது. காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்தவரும் மாடு மேய்த்தவரும் தலைமுறைகளாக எழுத்தின்றி ஆண்ட நிலத்துக்கு, நிரூபிக்கும் சுமை ஒரே நாளில் அவர்கள் தலையில் ஏறியது. அப்படி முடியின் கைக்குப் போன நிலத்தில் பெரும்பகுதி கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. தனியுடைமை பறித்தது என்று நீர் சொன்னீர். மலைநாட்டில் பறித்தது அரசு, வாங்கியது தோட்டத்துரை.

அந்தத் தோட்டங்கள் பின்னர் அரசிடமே திரும்பி வந்தன. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு ஐம்பது ஏக்கர், நெற்காணியானால் இருபத்தைந்து ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. உமது கொள்கை அன்று மலையகத்தில் நடைமுறைக்கே வந்துவிட்டது. ஆனால் கொழுந்து பறித்தவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயங்களிலேயே இருந்தார்கள். 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் அவர்களிடம் ஒரு துண்டு உறுதி இல்லை. துரை போனார், கம்பனி போயிற்று, அரசு வந்தது, வேறு கம்பனி வந்தது. லயத்துக்குள் இருந்தவர் மட்டும் எல்லோருடைய காணியிலும் குடியிருக்க அனுமதிக்கப்பட்டவராகவே இருந்தார். இதை உமது உரையில் ஒரு வரிகூடத் தொடாததில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம்.

வடக்கில் நடந்ததை உமக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 6,381 ஏக்கரைப் படைத்தேவைக்குச் சுவீகரிக்க 2013இல் அறிவித்தல் வந்தபோது, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருபது வருடங்களுக்கு மேலாக இருந்த மக்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எதைக் கொண்டு போனார்கள்? உறுதிகளைத்தான். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. 1840இன் அதே அனுமானம், அதே நிரூபிக்கும் சுமை. எதிர்ப்பு எழுந்து அது மீளப்பெறப்பட்டது உண்மைதான். ஆனால் உறுதியே செல்லாது என்ற ஒரு சட்டத்தின் கீழ் அந்த மக்கள் எதைக் காட்டி எதிர்த்திருப்பார்கள்?

அரச காணியை அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தால் போதும் என்றும் சொன்னீர். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அதுதான் நடந்தது. விற்கவும் பிரிக்கவும் அதிகாரியின் அனுமதி வேண்டும். தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை. அந்த வரிசையை வகுத்த சட்ட அட்டவணை 2022இல்தான் திருத்தப்பட்டது. வயலில் காலமெல்லாம் உழைத்த மகள், தம்பியின் தயவில் வாழ நேர்ந்த குடும்பங்கள் எத்தனை!

மண்ணை எவரும் படைக்கவில்லை என்ற கூற்றுக்கும் ஒரு திருத்தம் உண்டு. வலிகாமத்துத் தோட்டக்காரர் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டி, குழையும் எருவும் தாட்டுத் தாட்டு அந்தச் செம்மண்ணை வளப்படுத்தினார்கள். அது பெரும்பகுதி மனித உழைப்பு. மறுபுறம், கொழும்புத் துறைமுக நகரத்தின் 269 ஹெக்டயரையும் கடலை நிரப்பி மனிதரே ஆக்கினார்கள். இருந்தும் அந்த நிலம் அரசுக்கு, முதலிட்ட கம்பனிக்கு ஒரு பகுதி 99 ஆண்டுக் குத்தகையில். ஆகவே யார் ஆக்கியது என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து உரிமையைத் தீர்மானிக்க இயலாது.

நீர் சரியாகச் சொன்னது விலையைப் பற்றி. இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் மதில் கட்டிப் பூட்டிவைத்த ஒரு வெற்றுக்காணியின் பேர்ச் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) விலை உயர்ந்ததற்கு அதன் சொந்தக்காரர் ஒரு கல்லும் எடுத்து வைக்கவில்லை. காலி வீதியும் ரயில் பாதையும் பாடசாலைகளும், போருக்குத் தப்பி வந்த சனமும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணமும் சேர்ந்து உயர்த்திய விலை அது. ஊர் உயர்த்திய விலையின் ஒரு பங்கை ஊர் கேட்பது களவல்ல. வீட்டைத் திருத்திக் கட்டியவருக்கு, உள்ளூராட்சி சபை அறவிடும் சோலைவரியைக் கூட்டுவதை விட்டு, கட்டடத்தைக் கழித்து வெறும் நிலத்தின் பெறுமதிக்குக் கடுமையாக வரி வைக்கலாம். இதற்காக நீர் மேடை ஏறினால் நான் முதல் வரிசையில் இருப்பேன்.

உடைமை என்றால் எல்லையற்ற ஆட்சி என்று நாங்களும் ஒருபோதும் கொண்டதில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில், பங்காளருக்கு அறிவிக்காமல் காணியை அந்நியருக்கு விற்றால், தாமே முதலில் வாங்கும் முற்கொள்வனவு உரிமை கோரி அந்தப் பங்காளர் வழக்கு வைக்கலாம். 1973இன் வீட்டு உச்சவரம்புச் சட்டம், மிகையான வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைச் சொந்தமாக வாங்க வழி திறந்தது. அந்தச் சட்டமும் உடைமையை ஒழிக்கவில்லை, குடியிருந்தவர் பக்கம் நகர்த்தியது. எனக்கு வேண்டியதும் அதுவே.

ஒரு கேள்வியோடு நிறுத்துகிறேன். லயத்தில் பிறந்து, தாயும் பாட்டியும் அங்கேயே இறந்த ஒரு பெண்ணின் பெயரில் ஏழு பேர்ச் காணிக்கு நாளை உறுதி முடிக்கச் சொன்னால், அதைத் தனியுடைமை என்று நீர் தடுப்பீரா? தடுக்கமாட்டீர் என்றால், எந்த அளவுக்கு மேல், எந்தக் காரணத்தால் தடுப்பீர் என்பதை எழுதும்.

அன்புடன்,
மாமா
வெள்ளவத்தை