திங்கட்கிழமை மனுவால் கெடு நிற்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தகராறு, கடன் தகராறு செய்திகளில் "காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் நடவடிக்கை இல்லை, ஆட்சியரிடம் மனு" என்ற வரி நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. ஏன் நடவடிக்கை இல்லை என்பது மட்டும் வருவதில்லை. பல நேரங்களில் காரணம் ஒன்றுதான்: அது சிவில் விவகாரம். போலீஸ் கையில் இல்லாத வேலை.

குற்ற வழக்கை நடத்துவது அரசு. அடிபட்டவரும் பறிகொடுத்தவரும் அங்கே சாட்சிகள். நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு நிரூபித்தால் தண்டனை, இல்லாவிட்டால் விடுதலை. சிவிலில் வாதியே பிராது போட்டு, நீதிமன்றக் கட்டணம் கட்டி, தன் பத்திரங்களைத் தானே காட்ட வேண்டும். தராசு யார் பக்கம் சற்றுச் சாய்கிறதோ அவருக்குத் தீர்ப்பு. கிடைப்பது தீர்ப்பாணை: நிலம், பணம், பங்கு, அல்லது இதைச் செய்யாதே என்ற தடை. தோற்றவர் குற்றவாளி ஆவதில்லை. ஆனால் இடைக்காலத் தடை உத்தரவை மீறினால் சிவில் சிறையில் 3 மாதம் வரை வைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் (1908) இடம் தருகிறது. 'சிவிலில் ஜெயில் கிடையாது' என்று டீக்கடையில் பேசுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

குறைதீர் நாளில் எத்தனை திங்கட்கிழமை மனு கொடுத்து எத்தனை ரசீது வாங்கி வைத்தாலும், வழக்குப் போடக் கெடு வைக்கும் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காவல் நிலையத்தில் நடந்த பஞ்சாயத்துக்கும் இதே கதைதான். தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்திய நாட்களைச் சட்டம் கழித்துத் தருகிறது. காவல் நிலையமும் ஆட்சியர் அலுவலகமும் அந்தக் கணக்கில் வராது.

மாங்கூழ் ஆலைக்கு லோடு இறக்கிய விவசாயி பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டு. பணம் கொடுக்கத் தேதி பேசாமல் இருந்தால் சரக்கு இறக்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு. அதற்குள் கடன்காரர் ஒரு தொகை கொடுத்து, நோட்டின் பின்பக்கம் அதை எழுதிக் கையெழுத்திட்டால் அன்று முதல் புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். கெடு முடிந்த மறுநாள் வரவு வைத்துப் பயனில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டு இன்னும் மோசம். வேறு பத்திரங்களில் முத்திரைக் கட்டணம் குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், புரோநோட்டுக்கு அந்த வழியும் இல்லை.

வண்டிப்பாதைத் தகராறுதான் நம் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தாண்டுவது. அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியாக 20 ஆண்டு இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு போய்வந்தால் வழியுரிமை உண்டு என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். பலர் தவறவிடுவது அடுத்த வரியை: அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். பாதையில் கல் நட்டு அடைத்தபின் மூன்று ஆண்டு மனுவோடு அலைந்தவருக்கு, இருந்த உரிமையை மெய்ப்பிப்பதே சிக்கலாகிவிடும். ஓசூர் மனைக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியவர், கிரயம் செய்து தரக் கேட்டு வழக்குப் போடவும் ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுதான்.

அப்படியானால் போலீசுக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு. வேலி யாருடையது என்பது சிவில். இரவில் ஆள் வைத்து வேலியை வெட்டுவதும், தடுக்க வந்தவரை அடிப்பதும் குற்றம். இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கலாம். நிலத் தகராறில் கைகலப்பு வரும் நிலை என்றால் கோட்டாட்சியர் விசாரித்து, இப்போது அனுபவத்தில் இருப்பவர் யார் என்று உத்தரவிட முடியும். உரிமை யாருக்கு என்று அவர் சொல்ல முடியாது. மோசடிப் புகாரிலும் இதே குழப்பம். வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் 420-ஆம் பிரிவுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 வந்தபிறகும் அதில் மாற்றமில்லை.

செக் திரும்பும் வழக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, தன்மையில் கடன், நடைமுறையில் குற்ற வழக்கு. வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், அதுவும் கழிந்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். நோட்டீஸ் தாமதித்தால் அந்தச் செக் திரும்பியதை வைத்துப் போடும் வழக்கு நிற்காது.

சிவில் நீதிமன்றம் போனவர்களும் வழுக்கி விழும் இடங்கள் உண்டு. எதிர்த்தரப்பு 'நிலமே என்னுடையது' என்று ஆவணத்தோடு மறுக்கும்போது வெறும் தடை கேட்டால் போதாது, நிலம் தனக்கே உரியது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பட்டா மட்டும் வைத்து உரிமையை நிலைநாட்டுவது கடினம். கிரயப் பத்திரம், பாகப்பத்திரம், மூலப்பத்திரம் வரிசையாக வேண்டும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். நில அளவையில் மாறிய சர்வே எண்ணைப் பழைய பத்திரத்தோடு ஒப்பிடாமல் பிராதில் எழுதினால், ஜெயித்தபின் தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து எந்த நிலத்தை ஒப்படைப்பது என்று விழிக்க நேரும். வழக்கு தொடங்கியதும், இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் அனுப்பும் வழக்குரைஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டு, சர்வேயரோடு அளந்து வரைபடம் வாங்கிவிடுவது நல்லது.

சம்மன் வந்த பிரதிவாதி 'போலீஸ் வரவில்லையே' என்று இருந்துவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். முறையாகச் சம்மன் வந்து சேராதவருக்கு அந்த 30 நாள் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து. ஜெயித்தவரும் தீர்ப்பாணையைப் பெட்டியில் பூட்டக் கூடாது. பணத்துக்கும் சுவாதீனத்துக்கும் நிறைவேற்று மனுப் போட 12 ஆண்டு. கட்டிய சுவரை இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளைக்கு 3 ஆண்டுதான்.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்களுக்கு: நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்குரைஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலத்தகராறு மனுச் செய்தியில், பாதை எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது, கடன் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கட்டும். சிவில் வழக்கின் பிரதிவாதியைக் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதுவதையும் நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
வழக்குரைஞர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.