மனச்சாட்சிப் படம் பற்றி மச்சானுக்கு

கொக்குவில்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம். இங்கே மழை பிடித்துவிட்டது, வெங்காயம் நட்டவைக்குத்தான் கவலை.

டெரன்ஸ் மாலிக்கின் ‘எ ஹிடன் லைஃப்’ (2019) படத்தை வாசிகசாலையில் போடலாமோ என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போடு. ஆனால் சனம் எந்த இடத்தில் எழும்பும் என்று தெரிந்துகொண்டு போடு. ஃப்ரான்ஸ் யேகர்ஸ்டெட்டர் என்ற ஒஸ்திரிய விவசாயி ஹிட்லருக்குச் சத்தியம் செய்ய மறுத்து, 1943 ஓகஸ்ட் 9ஆம் திகதி தலை வெட்டப்பட்ட கதை. ஊர்த்தலைவர், ஆயர், சட்டத்தரணி என்று ஆள் மாறுகிறதே தவிர, நீ மறுத்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி மாறாது. அந்த நெருக்குதல் வேண்டியதுதான். என்றாலும் அரை மணித்தியாலம் கூடிவிட்டது.

நீதிபதியாக புரூனோ கான்ஸ் வரும் காட்சியை மட்டும் இருமுறை பார். என்னைத் தீர்ப்பிடுகிறாயோ என்று அந்த விவசாயியிடம் கேட்கிறார். விவசாயி போனபிறகு, அவர் இருந்த கதிரையிலேயே நீதிபதி போய் இருக்கிறார். வசனமே இல்லை. மனச்சாட்சியை இதைவிட வடிவாகக் காட்டேலாது.

அகலக்கோண லென்ஸ் வயலில் நன்றாக வேலை செய்கிறது: முகமும் மலையும் ஊரும் ஒன்றாக நிற்பதால், இவர் எதை இழக்கப்போகிறார் என்று விளங்கும். சிறைக்குள்ளும் அதே லென்ஸ்தான். அறை அகன்று தெரிவதால் சுவர் நெருக்குவதே இல்லை. மொழியும் உறுத்துகிறது. நாயகன் பெரும்பாலும் ஆங்கிலம் பேச, அதிகாரிகளின் அதட்டல் ஜெர்மனில், அதுவும் மொழிபெயர்ப்பில்லாமல்.

பெரிய குறை வேறு. மனச்சாட்சிக்குக் கொடுத்த விலையைப் படம் காட்டுகிறது, அது எப்படி உருவானது என்பதைக் காட்டவில்லை. உண்மையான ஃப்ரான்ஸ் இளவயதில் அடங்காத ஆள். கலியாணத்துக்கு முன் ஒரு மகள். படத்தில் அந்தப் பிள்ளை இல்லை. சிறையில் தன் நியாயங்களை வரிவரியாக எழுதினவர், படையில் மருத்துவப் பணியாளாக வரத் தயார் என்றும் சொன்னவர். பிறவியிலேயே புனிதர் போலக் காட்டினால், நாங்கள் கும்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவோம்.

படம் 174 நிமிசம். பின்னேரம் 5 மணிக்குத் தொடங்கி, படைமுகாமில் சத்தியம் செய்ய மறுக்கும் இடத்தில் 10 நிமிசம் இடைவேளை விடு, 8.04க்கு முடியும். பின்னணிக் குரல்கள், ஃப்ரான்ஸும் மனைவியும் எழுதின கடிதங்கள், எல்லாம் கிசுகிசுப்பு. காற்றாடிச் சத்தத்தில் அமுங்கிவிடும். அதனால் ஒலிபெருக்கி இரண்டையும் பின்வரிசைக்குக் கிட்ட வை.

போட்டபிறகு சனம் என்ன கதைத்தது என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்