நகரும் சுவரின் முன் நின்ற பிள்ளைக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ வன்கூவருக்குப் போகும்போது இங்கே விட்டுச் சென்ற பெட்டிகளைச் சென்ற மாதம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, உன்னுடைய பழைய நின்டென்டோ டிஎஸ் கையடக்க விளையாட்டுக் கருவி அகப்பட்டது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், இன்னும் உயிர் இருந்தது. உள்ளே ஃபைனல் ஃபேன்டசி 4 விளையாட்டு செருகியபடியே கிடந்தது. அன்றிரவு தொடங்கியவன் இன்னும் விடவில்லை. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

2008 கோடை விடுமுறையில், அந்த விளையாட்டின் முத்திரையிட்ட குகையில் நம்மை நோக்கி நகர்ந்துவரும் எதிரியான அரக்கச் சுவரிடம் தோற்றுத் தோற்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். "இதை நான் இரண்டு கிழமையில் முடித்தவன், உனக்குத்தான் பொறுமை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு நீ அந்தக் கருவியை எடுத்து நான் பார்க்கவில்லை.

நான் முடித்தது நீ விளையாடிய விளையாட்டே அல்ல என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஸ்குவெயர் நிறுவனம் 1991 யூலையில் ஜப்பானில் வெளியிட்ட மூலத்தை, அதே ஆண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது வெகுவாக இலேசாக்கியிருந்தார்கள். தொடரின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் இங்கே வராததால் அதற்கு 2 என்று இலக்கம் இட்டதுடன், பல பொருட்களை நீக்கி, கதாநாயகனான கரும்படை வீரன் செசிலின் இருள் தாக்குதலையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நண்பனின் அறையில் அதை முடித்துவிட்டு, பெரிய வீரன் என்று நினைத்திருந்தவன் நான். உன் கையில் இருந்ததோ, மூலத்தில் பணியாற்றிய தொக்கிதா தக்காஷியே முன்னின்று இயக்க, மேட்ரிக்ஸ் நிறுவனம் முப்பரிமாணத்தில் புதிதாகக் கட்டிய மறுஆக்கம். எதிரிகளின் வலிமையை வேண்டுமென்றே கூட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சுவரிடம் நான் ஒன்பது முறை தோற்றேன். இத்தோ ஹிரோயுக்கி வகுத்த போர் முறையில் நாம் யோசிக்கும் நேரத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது உனக்குத் தெரியும். மந்திரப் பட்டியலில் செசிலின் காதலி ரோசாவின் குணப்படுத்தும் மந்திரம் எங்கே என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித் தேடுவதற்குள் சுவர் நெருங்கிவிடுகிறது, நெருங்கியபின் ஒவ்வொருவராக நசுக்கித் தள்ளுகிறது. பத்தாவது முறை வென்றேன். வென்ற கையோடு செசிலின் நண்பன் கைன் மறுபடியும் துரோகம் செய்து, நாங்கள் தேடிப்போன பளிங்கைக் கொண்டுபோய்விட்டான். முப்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த கதைதான், ஆனாலும் இந்த வயதில் அவனை மன்னிக்க மனம் வரவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை அதன் முன்னால் தனியாக எத்தனை நாள் நின்றிருப்பாய் என்று நினைக்கையில் வெட்கமாக இருந்தது. அன்று நான் சொன்னது பிழை. என்னை மன்னித்துக்கொள், பிள்ளை.

குரல் கொடுத்திருப்பது முதலில் என் காதுக்கு ஒப்பவில்லை. பாத்திரங்கள் வாய் திறக்காமல் இருந்தபோது அவர்களுக்கு நானே குரல் வைத்திருந்தேன். கீழ்த்திரையில் நடக்க நடக்க நிரம்பும் வரைபடம் மட்டும் முதல் நாளே பிடித்துப்போனது. ஆனால் பனி அடைத்த மலைப்பாதையில், தீ மந்திரத்தை உச்சரிக்க மாட்டேன் என்று செசிலுடன் வரும் சிறுமி ரிடியா மறுக்கும் இடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். செசில் அறியாமல் கொண்டுபோன மோதிரம்தான் அவளுடைய மிஸ்ட் கிராமத்தை எரித்தது, அந்தச் சிறுமிக்குத் தீ என்றால் அதுதான். இளவயதில் பொத்தானை அழுத்தி அந்த வரிகளைக் கடந்துபோயிருக்கிறேன். பிறகு அவள், அழைத்தால் துணைக்கு வரும் மாய உயிர்களின் உலகத்துக்குப் போய், அங்கே காலம் வேறு விதமாக ஓடுவதால், சில நாட்களிலேயே வளர்ந்த பெண்ணாகத் திரும்பி வருகிறாள். விமான நிலையத்தில் உன்னைக் கூட்டிவர வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

உன்னுடைய பதிவை அழிக்கவில்லை, வேறோர் இடத்தில்தான் என்னுடையதைத் தொடங்கினேன். நீ இன்னும் அந்தக் குகையில்தான் நிற்கிறாய். நத்தாருக்கு வரும்போது விருப்பமிருந்தால் சேர்ந்து முயல்வோம். ஒரேயொரு சந்தேகம். ரிடியா அழைக்கும் அந்தச் சின்னப் பிராணிக்கு முகத்தை நாமே வரையலாம் அல்லவா, உன் பதிவைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி போட்டு, மீசை வைத்து, கோபமாக ஒரு முகம் வரைந்திருக்கிறாய். அது நானா?

அன்புடன்,
அப்பா