களத்தை நடத்துபவர் யார்?

ஆசிரியருக்கு,

தேர்தல் செய்திகளில் மேடைப் பேச்சுக்குக் கிடைக்கும் இடம் வீடு வீடாக வாக்குக் கேட்கத் தொண்டர்களை அனுப்பும் களப்பணிப் பொறுப்பாளருக்குக் கிடைப்பதில்லை. அவர் வேலை கணக்கில் தொடங்குகிறது. ஒருவர் மணிக்கு 15 கதவுகள் தட்டினால், மூன்று மணி நேர நடை ஒன்றில் 45. அப்படியானால் 6,000 வீடுகளுக்கு ஒரு சுற்று வர 134 நடைகள் வேண்டும். பூட்டிய வீடுகளுக்கு மறுநடை தனி. வருவதாகச் சொன்ன தொண்டர்களில் பலர் வரமாட்டார்கள் என்பதால், தேவைக்கு மேலேயே பெயர் சேர்த்து, முந்தைய மாலை கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும்.

எந்த வீடு ஆதரவு, எது எதிர்ப்பு என்று தொண்டர்கள் தாளில் குறித்து வருவார்கள். பெரிய ஆபத்து, வீடுகளுக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்தே நிரப்பிய தாள்கள். எல்லா வீட்டிலும் ‘ஆதரவு’ என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும்; பத்தில் ஒரு வீட்டையாவது வேறு ஆளை விட்டுச் சரிபார்ப்பது நல்லது. கடைசி நாட்களில் எதிர்ப்பாளரிடம் வாதம் செய்து பொழுதைப் போக்குவதும் வீண். அப்போது ஆதரவாளரை வாக்களிக்க வரவைப்பதே வேலை.

1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் அரசியல் ஆய்வாளர்கள் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் நடத்திய சோதனையில், நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவைக் கூட்டியது. தொலைபேசி அழைப்புகள் கூட்டவில்லை. ஆனாலும் கட்சிகளின் பணம் முதலில் பதாகைக்குத்தான் போகிறது.

இப்படிக்கு,
களப்பணிப் பயிற்றுநர்கள் சிலர்