பின்பக்கம் ஒட்டிய கண்

ஆலந்தூர்,
ஞாயிறு மாலை, மழை

பாப்பா,

போனில் நீ கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்கான், சாப்பிட்டான், தூங்கினான்" என்று மூன்றே பதில்தான் சொல்கிறேன். உன் மகன் மடியில் ஏறி போனைப் பிடுங்கும்போது அதற்குமேல் பேச எனக்கு வாய்ப்பில்லை. அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். அப்பா இதை டைப் செய்து உனக்கு அனுப்புவார். நடுவில் அவர் ஏதாவது சேர்த்திருந்தால் நம்பாதே.

(நான் எதுவும் சேர்க்கவில்லை. அப்பா.)

போன மாதம் லீட்ஸிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாயே, ஹாலோவீன் பண்டிகைக்குக் குட்டிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பூசணிக்குக் கண்ணும் மூக்கும் ஒட்டுவது. "இவனோடயும் இப்படி ஏதாவது செய்யேன்மா" என்றாய். அப்புறம் கொஞ்ச நேரம் நீ ஒன்றுமே பேசவில்லை. முதுகலை படிக்க வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது என்று 2024 ஜனவரியில் பிரிட்டன் விதி போட்டால் அதற்கு நீ என்ன செய்வாய்? நீ வேண்டுமென்றா விட்டுவிட்டுப் போனாய்? சரி, அதை விடு. பூசணிக்கு வருகிறேன்.

மார்க்கெட்டில் பூசணி என்று கேட்டதும் கடைக்காரத் தம்பி வெண்பூசணியை எடுத்து நீட்டினார், ஆயுத பூஜைக்கு வந்து மிஞ்சியது. மஞ்சள் பூசணி, அதுவும் முழுசாக வேண்டும் என்றேன். "எத்தனை பேருக்குக்கா சமையல்?" என்றார். நம் ஊரில் அதை யார் முழுசாக வாங்குகிறார்கள், பத்தை போட்டு வாங்குவதுதானே வழக்கம். மூன்றரைக் கிலோவில் ஒன்றை உள்ளேயிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். வெளித்தோல் பச்சையும் மண் நிறமுமாக இருந்தது. உன் மகன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "இது இல்ல" என்று சொல்லிவிட்டான். வீடியோவில் இருந்தது ஆரஞ்சு அல்லவா.

உன் அப்பாவுக்கு இது போதாதா? ஆரம்பித்துவிட்டார். அமெரிக்கக் கண்டத்துக் காயாம் இது, பரங்கியர் கப்பலில் வந்ததால்தான் பரங்கிக்காயாம். நம் பரங்கிமலைக்கும் அதே பரங்கிதான், 1523இல் மலைமேல் மாதா கோவில் கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர்கள், வெண்பூசணிதான் ஆசியாவின் சொந்தக் காய் என்று ஒரு பாடமே நடத்தினார். இரண்டரை வயதுப் பிள்ளை அத்தனையையும் கேட்டுவிட்டு "கப்பல் எங்க?" என்றது. அன்று காலை முழுக்க அவர் காகிதக் கப்பல் செய்துகொண்டிருந்தார். அவருக்கு இது வேண்டும்.

நிறத்துக்கு நானே வழி செய்தேன். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்குமே, துளி போட்டால் ஆரஞ்சு வரும் என்று டப்பாவை எடுத்துவிட்டேன். கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று உடனே உறைத்தது. திரும்பப் பரணில் வைத்துவிட்டு, மைதாவைக் கூழாகக் காய்ச்சி, மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் கலந்தேன். வாயில் போனாலும் பயமில்லை. போகத்தான் செய்தது. பூசணிக்குப் பாதி, அவன் வயிற்றுக்கும் பாட்டியின் சேலைக்கும் பாதி. தரையில் அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறது. நீ வந்து பார்ப்பதற்குள் போய்விடும் என்று நினைக்கிறேன்.

கண், மூக்குக்குப் பழைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்தோம். கிழிப்பதில் அவனுக்கு இருக்கிற சந்தோஷம் ஒட்டுவதில் இல்லை. ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் துண்டு துண்டாகி ஹால் முழுக்கப் பறந்தது. கடைப் பசை வேண்டாம் என்று சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் கொடுத்தேன், நாங்கள் சின்ன வயதில் கடித உறை ஒட்டிய பசை அது. அவன் பருக்கையைத் தின்றுவிட்டுத் தாளைக் காய்மேல் வைத்தான், அது விழுந்தது, திரும்ப வைத்தான். கடைசியில் ஒரு கண் முன்பக்கம் ஒட்டியது. இன்னொன்றைக் காயைச் சுற்றிப் போய் பின்பக்கம் ஒட்டினான்.

என் கை தானாக நீண்டது பாப்பா. அதைப் பிய்த்து முன்னால் ஒட்டிவிட்டால் முகம் முகமாக இருக்கும், உனக்குப் படம் எடுத்து அனுப்பலாம். நீட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கலாம், மறந்தும் இருக்கலாம். நீ யு.கே.ஜி. படிக்கும்போது காய்கறியில் ஏதாவது பொம்மை செய்துகொண்டு வரச் சொன்னார்கள். ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து கத்தரிக்காயில் ஒரு பென்குயின் செய்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேரட்டில் அதன் மூக்கை மட்டும் வைத்தாய். கோணலாக இருந்தது. நீ தூங்கிய பிறகு அதை எடுத்து நேராகக் குத்தி வைத்தேன். மறுநாள் முதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். பள்ளியிலிருந்து வந்ததும் அதை என் கையில் கொடுத்து, "இது உனக்குத்தான்மா குடுத்தாங்க" என்றாய். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாய். நானும் சிரித்துக்கொண்டே அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த டிபன் பாக்ஸில் இப்போது கடுகு இருக்கிறது. இந்தப் பின்பக்கக் கண்ணுக்குப் பிறகு அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது.

வெட்டும் வேலையை நானே பார்த்துக்கொண்டேன், கத்தியை அவன் பக்கமே கொண்டுபோகவில்லை. உள்ளே கையை விட்டு நாரை இழுக்கிற வேலை அவனுடையது. முதலில் முகத்தைச் சுளித்தான். அப்புறம் முழங்கை வரை உள்ளே விட்டுவிட்டு வெளியே எடுக்கவே மறுத்தான், அப்படியே அரை மணி நேரம். ஒரே ஒருமுறைதான் பதறினேன். ஒரு விதையை மூக்கருகே கொண்டுபோய்விட்டான். நல்லவேளை, பக்கத்திலேயே இருந்தேன். அதற்குப் பிறகு விதைகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்டோம். அவன் எண்ணிக்கை ஒன்று, ரெண்டு, அஞ்சு, பத்து.

அயர்லாந்தில் முன்பு ஹாலோவீனுக்கு டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் செதுக்கினார்கள், அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இடத்தில்தான் அவர்களுக்குப் பூசணி கிடைத்தது என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. கெட்டது அண்டாமல் இருக்கத்தான் அங்கேயும் வாசலில் வைத்தார்களாமே. தெருமுனையில் கட்டுகிற அபார்ட்மெண்ட் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்குகிற திருஷ்டிப் பூசணிக்கும் அதே வேலைதானே. சாயங்காலம் குடைந்த காய்க்குள் ஒரு அகல்விளக்கை ஏற்றி வைத்தோம். அவன் பயப்படுவான் என்று நினைத்தேன். இரண்டு கையையும் கூப்பி "சாமி" என்றான். உன் அப்பா சட்டென்று போய் அதன் நெற்றியில் விபூதி இட்டுவிட்டு வந்தார். ஓ.எம்.ஆரிலிருந்து நனைந்துகொண்டு வந்த மாப்பிள்ளை வாசலிலேயே நின்று, "அத்தை, இது யாரு?" என்று கேட்டார்.

சாமி இரண்டு நாள்தான் இருந்தார். இந்த ஈரத்தில் வேறென்ன ஆகும், பூஞ்சை பிடித்து, கொசுறாகப் பழ ஈயும் வந்துவிட்டது. அவன் தூங்கும்போது குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். எழுந்து "சாமி எங்க?" என்றான். "ஊருக்குப் போயிருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அம்மா ஊருக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். லீட்ஸில் நீ எங்காவது அதைப் பார்த்தால் பின்பக்கம் ஒரு கண் இருக்கும், அடையாளம் தெரியும்.

விதைகளை ஃபேனுக்கடியில் காயவைத்து, நாலைந்தை மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் ஊன்றினோம். ஏழாம் நாள் முளைத்துவிட்டது. பரங்கியில் ஆண்பூதான் முதலில் வரும், பறித்தாலும் காய் குறையாது. வெயில் கொஞ்சம் தலைகாட்டினால் மார்கழிக் கடைசிக்குள் கோலத்தில் வைக்க ஒன்றாவது கிடைக்கும். தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. மழை பெய்யும்போதும் குவளையோடு போய் ஊற்றுகிறான், நான் பின்னால் குடை பிடிக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாமே. நீ வழக்கம்போல மூன்று மணிக்குக் கூப்பிட்டால் இங்கே எட்டரை, அவன் கண் செருகிவிடுகிறது. அதனால்தான் நாலு நாளாக உன்னிடம் பேசாமல் சிணுங்குகிறான், வேறொன்றும் இல்லை. இரண்டு மணிக்கே கூப்பிடு. வகுப்பு இருந்தால் காலையில் கூப்பிடு, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் முளையைக் காட்டச் சொல்கிறேன்.

அம்மா