கையெழுத்துப் போட்டவர்களுக்கும் போடாமலே உதவியவர்களுக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும், சீனியர் அக்காவுக்கும், பொய்கை மாட்டுச் சந்தைத் தரகர் மாமாவுக்கும் வணக்கம்.

மார்ச் மாதம் அமெரிக்காவில் எனக்கு இன்டர்ன்ஷிப் இடம் கிடைத்த முடிவு வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "இன்டர்ன்ஷிப்தான் முடிச்சிட்டியேம்மா, மறுபடியும் அதையே பண்ண எதுக்கு அமெரிக்கா?" நியாயமான கேள்வி. முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு நன்றி என்றே உங்களுக்குப் புரியாது.

நம் ஊரில் கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருடம். கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், அதை முடித்தால்தான் பட்டம். அங்கே பட்டம் வாங்கிய பிறகு, மேலே போக விரும்புகிறவர்கள் தனியாக விண்ணப்பித்துச் சேர்வதற்குப் பெயர்தான் இன்டர்ன்ஷிப். ஒரு வருடம் மருத்துவம், அறுவை, அவசர சிகிச்சை என்று பிரிவு பிரிவாகச் சுற்ற வேண்டும். அப்புறம் ரெசிடென்சி, பெரும்பாலும் மூன்று வருடம். அதையும் முடித்துத் தேர்வில் தேறினால் சிறப்பு மருத்துவர். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற நம் வேலூரில் ஹவுஸ் சர்ஜன், பி.ஜி. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மாட்டு டாக்டருக்கும் அப்படி உண்டு என்றால்தான் சிரிக்கிறார்கள்.

இடம் கிடைக்கிற விதம்தான் விசித்திரம். நாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அவர்களும் விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். அவர்கள் பட்டியல் நமக்குத் தெரியாது, நம்முடையது அவர்களுக்குத் தெரியாது. கணினி இரண்டையும் பொருத்திப் பார்த்து, மார்ச்சில் ஒரே நாளில் எல்லாருக்கும் முடிவைச் சொல்லும். விழுந்த இடத்துக்குப் போயே ஆக வேண்டும், அவர்களும் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். இதை அப்பாவுக்கு விளக்க அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் அவர் சொன்னார்: "மாட்டுச் சந்தையில துண்டு போட்டு மூடி, விரல் பிடிச்சு விலை பேசறோமே, அது மாதிரிதானே? சுத்தி நிக்கறவனுக்கு விலை தெரியாது." கிட்டத்தட்ட அதேதான் அப்பா. என்ன, இங்கே விரலைப் பிடிப்பவன் முகமே தெரியாது.

முதல் வருடம் எனக்கு எதுவும் விழவில்லை. யாரும் சேராமல் மிச்சமிருந்த இடங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு வாரம் மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள், இரண்டும் மறுப்பு. காரணம் எனக்கே தெரியும். மதிப்பெண்ணை யாரும் குறை சொல்லவில்லை. குறைந்தது மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதுவும் நம் வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் எழுதியதாக இருக்க வேண்டும். நான் எட்டு மாதம் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் கடிதம் கேட்டேன். "நீயே எழுதிக் கொண்டா, பார்க்கலாம்" என்றார்கள். எழுதிக் கொண்டு போனேன். இன்றுவரை பார்க்கவில்லை. பெயர் வேண்டாம், விடுங்கள்.

நாமக்கல்லில் எனக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்த சார்தான் இரண்டாம் முறை கைகொடுத்தார். "நல்ல மாணவி, ஒழுக்கமானவள்" என்று நான்கு வரியில் முடித்திருக்கலாம். அவர் இரண்டு பக்கம் எழுதினார் என்று பிறகு தெரிந்தது. நான் தப்பாகப் போட்ட தையலையும், மறுநாள் அதை நானே போய்ச் சொன்னதையும்கூட எழுதியிருந்தாராம். நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்! தையல் பிரிந்ததற்காக ஒருவருக்கு நன்றி சொல்வேன் என்று நினைத்ததே இல்லை சார்.

சீனியர் அக்கா, உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நம் பட்டம் அங்கே செல்லுபடியாக நான்கு படி உண்டு. சான்றிதழ் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, 225 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு, கடைசியில் ஏழு பிரிவுகளில் செய்முறைத் தேர்வு. நான்காவது படிக்கு ஆகிற செலவைக் கேட்டதும் நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டேன். மூன்று படி முடித்தவர்களையும் எடுத்துக்கொள்ளும் போதனா மருத்துவமனைகள் சில உண்டு, ஒவ்வொரு இடத்தின் விதியையும் தனித்தனியாகப் படி என்று சொன்னது நீங்கள். அந்த விதிகளை எல்லாம் வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதி, விசா தராத இடங்களை அடித்து அடித்து, கடைசியில் பதினோரு பெயர் மிஞ்சியது.

அப்புறம், ஏன் சேர விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு நானே எழுத வேண்டிய கடிதம். "சிறுவயது முதலே விலங்குகள் மீது எனக்கு அன்பு அதிகம்" என்று தொடங்கியிருந்தேன். நீங்கள் சிவப்பில் கோடு போட்டு, "இதை எல்லாரும் எழுதுவாங்க. உங்க பக்கத்து வீட்டு மாடு எங்கே?" என்று கேட்டீர்கள்.

அந்த மாட்டைப் பற்றி நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அத்தை வீட்டு ஜெர்சி கிராஸ். கன்று போட்டு மறுநாள் விடியற்காலை எழவில்லை. கழுத்தை ஒரு பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு, காது சில்லிட்டு, கண் செருகிக் கிடந்தது. அத்தை மஞ்சள் கயிறு கட்டத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் இன்டர்ன்ஷிப் விடுமுறையில் வந்திருந்தேன். பால் காய்ச்சல் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. பால் சுரக்கிற வேகத்தில் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும், அவ்வளவுதான். நம் ஊர் மருந்தக டாக்டர் சார் பைக்கில் வந்து பாட்டிலை என் கையில் கொடுத்தார். "நீ போடு. நெஞ்சில ஸ்டெத்தை வச்சுக்கோ, துடிப்பு மாறினா நிறுத்து." கழுத்து நரம்பில் சொட்டு சொட்டாக இறக்கினேன். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். பாதிப் பாட்டில் போனதும் தோல் நடுங்கியது. ஓர் ஏப்பம். சாணி போட்டது. பிறகு பின்னங்காலை ஊன்றி, அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, எழுந்துவிட்டது. டாக்டர் சார் ஒரு வார்த்தை பேசவில்லை, டீ கேட்டார். என் மூன்றாவது பரிந்துரைக் கடிதம் அவருடையது. ஆங்கிலம் வராது என்று தயங்கியவர், அரசு மருந்தகத்தில் நோயாளிகள் வரிசை முடிந்த பிறகு உட்கார்ந்து தானே எழுதினார்.

கடைசியாகப் பணம். தேர்வுக் கட்டணத்துக்காக அம்மா வீட்டிலிருந்த நான்கில் ஒன்றை, இரண்டாம் ஈத்து மாட்டை, ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கைக்கு ஓட்டிப் போனார். நானும் போனேன். நெருக்கடியில் வந்திருக்கிறோம் என்பது வியாபாரிகளுக்கு நம் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், விலை இறங்கிவிடும். தரகர் மாமா, நீங்கள் அம்மாவை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, துண்டுக்கு அடியில் என்ன பேசினீர்களோ, நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஐயாயிரம் கூடவே வந்தது. தரகை நீட்டியபோது, "பொண்ணு டாக்டருக்குப் போறா, இதுல கை வெச்சா எனக்கு ஆவாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

நீங்கள் வாங்காத அந்தத் தரகுப் பணம் தனியாக ஒரு கவரில் அப்படியே இருக்கிறது. வருகிற செவ்வாய் அம்மா கிடேரி ஒன்று வாங்கச் சந்தைக்கு வருகிறார். பேரம் முடிந்ததும் கவரைக் கொடுப்பார். இந்தத் தடவை வாங்கிக்கொள்ளுங்கள் மாமா.