குதிரைக்கு டிஸ்ரேலியின் முகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேலிச்சித்திரங்கள் பற்றிய கட்டுரையில் 1867-ஆம் ஆண்டு 'பஞ்ச்' என்ற பிரிட்டிஷ் நையாண்டி இதழை விட்டுவிட்டீர்களே என்று வருத்தமாக இருந்தது. ஓவிய வகுப்பில் நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது ஜான் டென்னியலின் 'இருட்டில் ஒரு பாய்ச்சல்' படத்தைத்தான். வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் அமைச்சர் டிஸ்ரேலியின் முகம் கொண்ட குதிரை, 'சீர்திருத்தம்' என்று எழுதிய வேலிப்புதருக்குள் பாய்கிறது. அதன் மேலே, பிரிட்டன் நாட்டையே பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா முகத்தை மூடிக்கொள்கிறாள். நகரத் தொழிலாளர்களில் பலருக்கு வாக்குரிமை தருவதற்கே அவ்வளவு பயம்!

பெண்களுக்கும் வாக்கு கேட்ட தத்துவவாதியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில்லையும் அவ்வாண்டே அந்த இதழ் படம் போட்டு நையாண்டி செய்தது. அந்த மசோதாவுக்கு அவர் கொண்டுவந்த திருத்தம், ஆதரவு 73, எதிர்ப்பு 196 என்று தோற்றது. கோடுகள் அபாரம்தான், ஆனால் அந்தச் சிரிப்பு உரிமை கேட்டவர்கள் பக்கம் நிற்கவில்லை. இரு படங்களையும் தகுந்த விளக்கத்தோடு வெளியிட வேண்டுகிறேன்.

– ஓர் ஓவிய ஆசிரியர்